குடி புகுந்த தெய்வம்

சொற்களின் சரித்திரம்: பதினான்காம் பகுதி

சென்ற பகுதியில் ‘ஊர்’ என்னும் சொல்லின் பின்னே நடந்து சித்தூரில் வந்து நின்றோம். சிற்றூர் என்பதன் மருவாகக் கொள்ளப்படும் பெயரைத் தாங்கிய அந்நகரம், 1911ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகராயிருந்து, அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதி தன் பெயராலேயே அமைந்த புது ஜில்லாவுக்குத் தலைமையேற்று, 1953இல் ஆந்திர ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது; 2022இல் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்தது. இவ்வாறு எல்லைக் கற்கள் பலமுறை பெயர்த்து நடப்பட்ட போதிலும், ஒரே வாயிலிருந்து தமிழும் தெலுங்கும் மூச்சுக்கு மூச்சு மாறிப் புறப்படும் அவ்வட்டாரத்து வழக்கம் மட்டும் பெயரவில்லை. ஆகையால், ஒரே சொல் இரண்டு சகோதர பாஷைகளில் எப்படி இரண்டு வாழ்க்கை வாழ்கிறது என்பதைக் காதாரக் கேட்டறிய விரும்புகிறவர்களுக்கு அதைக் காட்டிலும் தகுந்த இடம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, திருப்பதியிலிருந்து ஸ்ரீகாளஹஸ்தி செல்லும் சாலையில் ஏர்ப்பேட்டில் இறங்கி, பொன்முகலி ஆற்றங்கரையிலுள்ள குடிமல்லம் என்னும் கிராமத்துக்குச் சென்றேன். வடமொழியாளர் சுவர்ணமுகி என்று அழைக்கும் அவ்வாறு, கோடையாதலின், மணலாகவே கிடந்தது. ஊருக்குள் பாதை பிரியுமிடத்தில், தலையில் பசும்புல் கட்டோடு எதிரே வந்த முதியவர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் வழி கேட்டேன். அவர் கட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, “குடி பக்கனே குடி” என்றார். நான் விழித்ததைப் பார்த்ததும் ஒரு கணங்கூடத் தயங்காமல், “சோத்தாங்கைப் பக்கம் கோயிலுங்க, அய்யா” என்று தமிழில் திருப்பிச் சொல்லிவிட்டு நடந்தார். புல் கட்டிலிருந்து உதிர்ந்த நாலைந்து தாள்கள் பாதையில் கிடந்தன. நான் அவற்றைப் பார்த்தபடியே சிறிது நேரம் நின்றுவிட்டேன். அந்த மூன்று சொற்களுக்குள் எவ்வளவு பெரிய சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது என்பது அப்பொழுதுதான் எனக்குப் புலப்படத் தொடங்கியது.

அவர் சொன்ன இரண்டு குடியும் தமிழ் எழுத்தில் ஒன்றாகவே தோன்றும்; தெலுங்கு எழுத்திலும் தெலுங்கர் வாயிலும் அவை வேறு. முதற்குடி, ‘கண்’ என்பதில் வரும் வல்லோசைக் ககரத்தோடு தொடங்குவது. வலப்பக்கம் என்பது அதன் பொருள். இரண்டாவது குடி, ‘சங்கு’ என்பதன் ஈற்றில் ஒலிக்கின்றதே, அந்த மெல்லோசைக் ககரத்தோடு தொடங்குவது. கோயில் என்பது அதன் பொருள். முதற்குடியைப் பற்றிய ஆராய்ச்சி இனிமையானது. தெலுங்கில் ‘குடுசு’ என்னும் வினைக்கு உண்ணுதல் என்றும் பருகுதல் என்றும் அர்த்தம். நாம் நீர் குடிக்கிறோம் என்பதும் அந்த வினையின் உடன்பிறப்பே. உண்ணும் கை எதுவோ அதுவே தெலுங்கருக்குக் குடி கை ஆயிற்று என்று அறிஞர் கருதுவர். நம் கிராமங்களில் வலக்கையைச் சோற்றுக்கை என்றும் சோத்தாங்கை என்றும் சொல்லுகிறோமல்லவா? அந்த முதியவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழாக்கும்போது, இலக்கண நூல் எதையும் புரட்டாமல், வேருக்கு வேர் சரியாகவே மொழிபெயர்த்தார்.

இவ்வலப்பக்கக் குடியையும் பருகும் குடியையும் இங்கேயே விட்டுவிட்டு, நம் விஷயமாகிய மற்றைக் குடிக்கு வருவோம். தமிழனுக்கு அது மனிதன் வாழும் இடம். தெலுங்கனுக்கு அது கடவுள் வாழும் இடம். தமிழ்நாட்டில் ஒருவன் “குடி எங்கே?” என்று கேட்டால் அவன் வீட்டையோ வீட்டாரையோ கேட்கிறான், அதே கேள்வியை மெல்லோசைக் ககரத்தோடு திருப்பதியில் கேட்டால் வழிகாட்டுகிறவர் கோபுரத்தைக் காட்டுவார். இரண்டு சொற்களும் ஒன்றுதானா, ஒன்றாயின் எது முந்தியது, ஒன்று மற்றொன்றாக எவ்வாறு மாறிற்று என்பவையே இப்பகுதியின் கேள்விகள்.

தமிழில் குடி என்னும் சொல்லுக்கு உள்ள வளத்தை முழுவதும் சொல்ல வேண்டுமானால் ஒரு தனி நூலே எழுத வேண்டும். தழையும் ஓலையும் வேய்ந்த சிறு மனை குடில் அல்லது குடிசை. அதில் வாழ்வது குடித்தனம். அதற்குக் கொடுக்கும் வாடகை குடிக்கூலி. ஒரே வீட்டில் ஓரறையில் ஒதுங்கி வாழ்வது ஒண்டுக்குடித்தனம். வேறு வீடு செல்வது குடிபெயர்தல். பால் காய்ச்சி உள்ளே நுழைவது குடிபுகுதல். வீட்டைக் குறித்த அச்சொல்லே வீட்டிலிருப்பவரைக் குறித்தது. பின் அவர்களுடைய வமிசத்தைக் குறித்தது. பின் பல வமிசத்தார் கூடி வாழும் ஊரையே குறித்தது. தூத்துக்குடி, காரைக்குடி, மன்னார்குடி, பரமக்குடி என்று தமிழ்நாட்டின் படத்தில் எங்கே கை வைத்தாலும் ஒரு குடி அகப்படும். புறநானூற்றில் நான்கு குடிகளைப் பெயர் சொல்லி எண்ணுகின்ற பாடலொன்று உண்டு. அதைப் பாடிய புலவர் பெயரே மாங்குடி கிழார் என்றிருப்பது, மக்கட்கூட்டமும் ஊரும் ஆகிய இரண்டு அர்த்தங்களும் அக்காலத்திலேயே பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன என்பதற்குச் சான்று.

வள்ளுவர் 96ஆம் அதிகாரத்துக்குக் குடிமை என்றும் 103ஆம் அதிகாரத்துக்குக் குடிசெயல்வகை என்றும் பெயரிட்டார். அவ்விரண்டிலும் குடி என்பது பிறந்த குலம். ஆனால் அரசனுக்குரிய அங்கங்கள் ஆறனை அவர் எண்ணும்போது படையை அடுத்து வைக்கும் குடி, நாட்டு மக்கள். குலத்தைச் சுட்டிய சொல் பிரஜையைச் சுட்டலாயிற்று. அந்த வழியிலே வந்தவைதாம் இன்றைய குடியரசும் குடியுரிமையும் குடிமகனும். நிலத்தை உழுது வாழ்கிறவன் குடியானவன். விளைச்சலில் அவனுக்குரிய பங்கு குடிவாரம், நிலத்துக்குடையவன் பங்கு மேல்வாரம். ஊரார் கூடி ஏரியின் கரையைச் செப்பனிடுவது குடிமராமத்து. ஒரு சிறு நஷ்டத்துக்குப் பெருங்கூச்சல் போடுகிறவனை “என்ன, குடியா முழுகிவிட்டது?” என்று கேட்கிறோமே, அங்கே முழுகாதிருப்பது வீடா, குடும்பமா, குலமா என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. மூன்றும் சேர்ந்ததே தமிழனுடைய குடி.

இனி அக்கம்பக்கத்து வீடுகளை எட்டிப் பார்ப்போம். மலையாளத்தில் குடி என்பது வீடே. சாலக்குடி முதலிய ஊர்ப்பெயர்களில் அது விளங்குகிறது. இடுக்கி ஜில்லாவின் மலைகளில் வாழும் முதுவர்கள் தங்கள் குடியிருப்பு ஒவ்வொன்றையும் இன்றும் குடி என்றே அழைக்கிறார்கள். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக அமைந்ததன் பெயர் இடமலைக்குடி. மலையாளத்தில் மனைவிக்கும் குடி என்று பெயருண்டு. மனையை ஆள்கிறவளை மனைவி என்றும் இல்லாள் என்றும் சொல்லும் நமக்கு இது வியப்பளிக்காது. கன்னடத்தில் ககரம் மெல்லோசை ஆகிவிடுகிறது. கூடவே அர்த்தமும் கோயிலென்று மாறிவிடுகிறது. துளுவில் சிறு தேவாலயத்துக்கு அதே பெயர். எனினும் கன்னடத்தில் ஏழையின் குடிசைக்குக் குடிசலு என்றும் தெலுங்கில் குடிசெ என்றும் பெயர். இவையும் அதே மெல்லோசையோடு தொடங்குகின்றன. கோயிலுக்குரிய சொல்லும் குடிசைக்குரிய சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதைத் தெலுங்குக் குழந்தைகூட அறியாமலே தினமும் உச்சரித்து வருகிறது.

தெலுங்குக் குழந்தையைப் பற்றிச் சொன்னதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அப்பாஷையில் இகர உயிர்க்குறிக்குப் பெயரே குடி. ககரத்துக்குக் குடி இட்டால் ‘கி’ என்று பள்ளியில் ராகம் போட்டு ஓதுவார்கள். எழுத்தின் தலையில் வட்டமாக ஏறி உட்காரும் அக்குறியைக் கோயிலின் விமானத்தோடு ஒப்பிட்டு மகிழ்கிறவர்கள் உண்டு; எனக்கு அது பொருத்தமாகத் தோன்றவில்லை. சூரியனையும் சந்திரனையும் சுற்றிக் காணப்படும் பரிவேஷத்தைத் தெலுங்கர் குடி கட்டுதல் என்பர்; வட்டம் என்னும் பொருளுடைய அந்த வேறு சொல்லே எழுத்துக்குறிக்கும் பெயராயிற்று என்று கொள்வதே நேர்.

ஓசை ஒத்திருப்பதைக் கொண்டு மட்டும் உறவு கொண்டாடலாகாது என்பதையும், உறவு உண்டென்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும் என்பதையும் உலகுக்கு முதன்முதலில் தெளிவாகக் காட்டியவை ஜெர்மானிய மொழிகளே. ஜேக்கப் கிரிம் என்னும் பெரும் புலவர் 1822இல் வெளியிட்ட இலக்கணப் பதிப்பில், லத்தீன் முதலிய மொழிகளில் ககரம் நின்ற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் ஹகரம் நிற்கிறது என்பது போன்ற நியதிகளை வரிசைப்படுத்தினார். அதற்கும் சில ஆண்டுகள் முன்பே, 1816இல், சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரு குடும்பத்தவை என்று தெலுங்கு இலக்கணம் ஒன்றுக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் நிரூபித்திருந்தார். இவ்விரண்டு ஆராய்ச்சி ஓடைகளும் நம் நாட்டில் ஒன்று கூடியது அடுத்த தலைமுறையில். அக்கூட்டத்தில் சித்தூருக்கும் ஒரு பங்குண்டு.

ஸ்டுட்கார்ட் நகரில் 1814இல் பிறந்து, ட்யூபிங்கன் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற ஹெர்மன் குண்டர்ட் என்னும் இளைஞர், 1836இல் சென்னைக்கு வந்து, தமிழும் தெலுங்கும் பயின்று, சித்தூரில் பாதிரிமார்களோடு தங்கியிருந்தார். 1838ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஜூலி தூபுவா என்னும் ஸ்விட்சர்லாந்துப் பெண்மணியை அவர் மணந்ததும் சித்தூரிலேதான். அங்கிருந்து மேற்குக் கடற்கரைக்குச் சென்ற குண்டர்ட், மலையாளத்துக்கு 1872இல் ஒரு பேரகராதியை ஆக்கி அளித்தார். அவ்வகராதியைப் புரட்டுகிறவர்கள், சொற்களுக்குப் பக்கத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, துளு என்று உடன்பிறந்த பாஷைகளின் பெயர்க்குறிகள் சிறு எழுத்துகளாக இடப்பட்டிருப்பதைக் காணலாம். ஒரு பாஷையின் சொல்லை அதன் உறவினர் நடுவே நிறுத்திப் பார்க்க வேண்டும் என்னும் அந்தப் பழக்கத்துக்கு, இரண்டு பாஷைகள் ஒரே வீதியில் பேசப்பட்ட சித்தூர் வாசமும் உதவியிருக்கும் என்று நான் நம்புகிறேன். சமஸ்கிருதத்தில் கலந்துள்ள திராவிடச் சொற்களைப் பற்றி 1869இல் ஜெர்மன் பாஷையில் கட்டுரை எழுதியவரும் அவரே. நாவலாசிரியர் ஹெர்மன் ஹெஸ்ஸே அவருடைய மகள் வயிற்றுப் பேரர்.

1856இல் வெளிவந்த கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் நம் கேள்விக்கு வேண்டிய நியதியைத் தருகிறது. திராவிட மொழிகளின் ஆதி நிலையில் சொல்லின் முதலில் வல்லோசையே வரும், மெல்லோசை வராது. தமிழ் இன்றும் அந்நிலையிலேயே நிற்கிறது. தெலுங்கும் கன்னடமும் பல சொற்களில் முதலெழுத்தை மென்மையாக்கிக்கொண்டன. நம்முடைய பறவைக்கூடு தெலுங்கில் மெல்லோசைக் கூடு. நம் குதிரை அங்கே குர்ரம். நம் கழுதை அங்கே காடிதெ. நம் குருடு அங்கே குட்டி. இவை யாவும் சங்கின் ககரத்தோடு தொடங்குகின்றன. எல்லாச் சொற்களிலும் இது நிகழவில்லை. கண் என்பது அங்கும் வல்லோசையோடு கன்னு என்றே நிற்கிறது. ஆயினும் குடியும் குடிசையும் சேர்ந்தே மென்மையாகி இருப்பதைப் பார்க்கும்போது, தெலுங்குக் கோயிலும் தமிழ் வீடும் ஒரே சொல் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பர்ரோ, எமனோ என்னும் இரு பேராசிரியர்கள் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியும் அவற்றை ஒரே இடத்தில்தான் வைத்திருக்கிறது. சமஸ்கிருதத்தில் குடிசையைக் குறிக்கும் குடீ, குடீரம் என்னும் சொற்களும் நம்மிடமிருந்தே சென்றவை என்பது கால்டுவெல்லின் கொள்கை.

ஓசை நியதி கிடைத்துவிட்டது. அர்த்தம் மாறியதற்கு நியதி எங்கே தேடுவது? இங்கேதான் ஜெர்மானிய மொழிகளில் ஒரு சொல்லின் கதை நமக்குத் துணையாகிறது. ஆங்கிலத்தில் ‘ஹோம்’ என்றால் சொந்த வீடு, ஜெர்மனில் அதுவே ‘ஹைம்’, ஸ்வீடிஷில் ‘ஹெம்’. ஆனால் அக்குடும்பத்தில் மிகப் பழைய நூல்களையுடைய கோதிக் பாஷையில் ‘ஹைம்ஸ்’ என்றால் கிராமம்; ஐஸ்லாந்தில் இன்றும் ‘ஹெய்முர்’ என்றால் உலகம்! ஒரே சொல் ஒரு கிளையில் அடுப்படியளவு சுருங்கியும் மற்றொரு கிளையில் அண்டமளவு விரிந்தும் நிற்கிறது. மான்ஹைம் முதலிய ஜெர்மானிய ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும், பர்மிங்ஹாம் முதலிய ஆங்கில ஊர்ப்பெயர்களின் ஈற்றிலும் அது நம் காரைக்குடியின் குடியைப் போலவே உட்கார்ந்திருக்கிறது. பர்மிங்ஹாம் என்பதற்குப் பியோர்மா என்பவனுடைய வமிசத்தாரின் மனை என்று பொருள் சொல்லுவார்கள். குலமும் இடமும் அங்கும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. ஜெர்மனில் வீட்டுக்குரியது என்னும் பொருளில் அமைந்த ‘கெஹைம்’ என்பது இன்று ரகசியத்துக்குப் பெயராகிவிட்டது. நம் பெரியோர்கள் கடிதத்தின் தலைப்பில் ‘க்ஷேமம்’ என்று எழுதிவிட்டுத்தான் விஷயத்தைத் தொடங்குவார்கள். அந்த க்ஷேமமும் இந்த ஹைமும் தங்குதல் என்னும் ஒரு பழைய வேரில் பிறந்தவை என்று அறிஞர் பலர் கொள்வர்.

வசிக்கும் இடத்தைக் குறித்த சொல்லுக்கு இயல்பாகவே ஒரு கேள்வி உள்ளே அடங்கியிருக்கிறது: வசிக்கிறவர் யார்? அக்கேள்விக்கு ஒவ்வொரு ஜனசமூகமும் அளிக்கும் விடையைப் பொறுத்து அச்சொல் வீடாகிறது, கிராமமாகிறது, உலகமாகிறது, கோயிலாகிறது. கோதிக் பாஷையிலேயே இதற்கு ஓர் அழகிய உதாரணம் உண்டு. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்னும் மேற்றிராணியார் விவிலியத்தை அப்பாஷையில் பெயர்த்தார். அதன் ஏடுகளில் தலைசிறந்தது, வெள்ளி மசியால் எழுதப்பட்டது, ஸ்வீடன் தேசத்து உப்சலாவில் இருக்கிறது. மற்ற ஜெர்மானிய மொழிகள் அனைத்திலும் வீட்டைக் குறிக்கும் ‘ஹூஸ்’ என்னும் சொல், கிடைத்துள்ள கோதிக் ஏடுகளில் தனித்து எங்கும் வரவில்லை. ‘குத்ஹூஸ்’ என்னும் ஒரே தொகைச்சொல்லில், யெருசலேம் தேவாலயத்துக்குப் பெயராக மட்டும் வருகிறது. மனிதருடைய வீடுகளெல்லாம் வேறு பெயர் பெற்றுவிட, இச்சொல் அவ்வேடுகளில் ஆண்டவன் வீட்டில் மட்டும் தங்கியிருக்கிறது.

‘குத்ஹூஸ்’ என்பதைக் கேட்டவுடன் தெலுங்குக் குடியோடு அதற்கு முடிச்சுப் போட ஆசை எழும்; எனக்கும் எழுந்தது. அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். அதில் முற்பாதி கடவுள், பிற்பாதி வீடு. ஓசை ஒற்றுமை வெறும் தற்செயல். அவ்வாறே ஆங்கிலத்தில் சிறு குடிலைக் குறிக்கும் ‘காட்’ என்பதை நம் குடியோடு உறவாக்குவதும் தவறு. கிரிம் வகுத்த நியதிப்படி அங்கே ககரமாக நிற்பது மூலத்தில் மெல்லோசையாக இருந்திருக்க வேண்டும். நம் குடிக்கோ மூலம் வல்லோசை. கணக்கு ஒத்து வராத இடத்தில் உறவு கொண்டாடுவது பாஷைக்குச் செய்யும் அபசாரம்.

இந்த எச்சரிக்கையோடு குடிமல்லத்துக்குத் திரும்புவோம். முதியவர் காட்டிய சோத்தாங்கைப் பக்கத்தில், பரசுராமேசுவரர் கோயிலின் கர்ப்பக்கிரகம் யானையின் பின்புறம் போல வளைந்து அமைந்திருக்கிறது. தரை மட்டத்தினின்றும் தாழ்ந்த அவ்விடத்தில், சுமார் 5 அடி உயரமுள்ள கருஞ்சிவப்பு லிங்கத்தின் முன்புறத்தில், சிவபெருமான் ஒரு குறளுருவின் தோள்மீது நேராக நிற்கிறார்; வலக்கையில் ஆட்டுக்கிடாய், இடக்கையில் சிறு நீர்க்கலம், இடத்தோளில் சாய்ந்த மழு. விளக்கொளி அசையும்போது கல்லின் மெருகு ஈரம் போலப் பளபளக்கிறது. கிடாயின் கால்களைப் பற்றியிருக்கும் விரல்கள், வேடன் ஒருவன் இப்பொழுதுதான் காட்டிலிருந்து வந்து நின்றது போன்ற உறுதியோடு மடங்கியிருக்கின்றன. கோபிநாத ராவ் அவர்கள் இம்மூர்த்தியை 1911இல் அறிஞர் உலகுக்குத் தெரிவித்த நாள் முதல், இது நம் நாட்டில் கிடைத்துள்ள மிகப் பழைய லிங்கங்களுள் ஒன்று என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, கி.மு. 2ஆம் அல்லது 1ஆம் நூற்றாண்டு என்பர் பலர், சற்றுப் பின்னுக்குத் தள்ளுவர் சிலர்.

1973இல் தொல்பொருள் துறையினர் கர்ப்பக்கிரகத்தின் தரையை அகழ்ந்தபோது வெளிப்பட்ட செய்திதான் நம் ஆராய்ச்சிக்கு உயிரானது. லிங்கத்தைச் சுற்றிச் சதுரமாகக் கல் வேலி ஒன்று இருந்தது. ஆதியில் அப்பெருமானுக்குக் கூரையே இல்லை. வெட்டவெளியில், வேலிக்கு நடுவே, வெயிலும் மழையும் பட நின்றார். பின்னொரு காலத்தில் செங்கல்லால் வளைந்த ஓர் இல்லம் அவரைச் சுற்றி எழுந்தது. 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விக்கிரம சோழன் ஆட்சியில், அது கற்றளியாகப் புதுப்பிக்கப்பட்டது. அதாவது, தெய்வம் முந்தியது, வீடு பிந்தியது. தெய்வத்துக்கு முதன்முதல் ஒரு கூரை போட்டபோது ஜனங்கள் அதற்கு என்ன பெயர் சொல்லியிருப்பார்கள்? தாங்கள் வாழ்ந்த கூரைக்கு என்ன பெயரோ அதைத்தானே சொல்லியிருப்பார்கள்! மனிதனுடைய குடி, தெய்வத்தின் குடியான கதை இதுவே என்று நான் கொள்கிறேன். பின்னர்த் தெலுங்கர் தங்கள் வீட்டுக்கு இல்லு என்னும் மற்றொரு பழைய சொல்லையே நிலையாக வைத்துக்கொண்டு, குடியை முழுதும் சுவாமிக்கே விட்டுவிட்டார்கள்.

தமிழ் நேர் எதிர் வழியில் சென்றது என்று சொல்லிவிடலாமா? அவ்வளவு சுலபமன்று. மணிமேகலையில், காவிரிப்பூம்பட்டினத்துச் சம்பாபதி தெய்வத்தின் ஆலயத்துக்குக் குச்சரக்குடிகை என்று பெயர் வருகிறது. குடிகை என்பது குடியின் மற்றொரு வடிவம். ஆகவே தெய்வத்தின் வீட்டைக் குடியென்னும் வழக்கு தமிழுக்கும் இருந்தது. அது நூல்களில் மங்கிய பின்னும் வினைச்சொல்லில் மங்கவில்லை. இன்றும் ஒரு தலத்தில் மாரியம்மன் குடிகொண்டிருக்கிறாள் என்றுதானே சொல்லுகிறோம்? பெயர்ச்சொல்லைத் தெலுங்கர் வைத்துக்கொண்டார்கள். வினைச்சொல்லை நாம் வைத்துக்கொண்டோம்.

பெயர்ச்சொல்லாக நாம் எடுத்துக்கொண்டது கோயில்: கோவின் இல், அரசனுடைய அரண்மனை. தெலுங்கர் இறைவனுக்குக் குடிசையின் பெயரைச் சூட்டினார்கள். நாம் மாளிகையின் பெயரைச் சூட்டினோம். திருமலையில் இவ்விரண்டு பெயர்களும் ஒரே வாசலில் நிற்கின்றன. மலையேறும் தெலுங்கு யாத்திரிகர் பேச்சில் அது குடி. ஆனால் யுகாதி, ஆணிவார ஆஸ்தானம், பிரம்மோத்சவம், வைகுண்ட ஏகாதசி ஆகியவற்றுக்கு முன்பு, ஆண்டுக்கு நான்கு முறை, ஆலயம் முழுவதையும் வாசனைத் திரவியங்கள் கலந்த நீரால் துலக்கும் கைங்கரியத்துக்குத் தேவஸ்தானத்தில் வழங்கும் பெயர் கோயில் ஆழ்வார் திருமஞ்சனம். கட்டடத்தையே ஓர் ஆழ்வாராகப் பாவித்து நீராட்டும் அந்த நாளில், துடைப்பமும் கலயமும் ஏந்தித் தெலுங்கு பேசிக்கொண்டு செல்கிறவர்களின் வாயில் அந்தத் தமிழ்த் தொடர் சிதையாமல் வழங்குவதைக் கேட்டு நான் உருகியதுண்டு.

மனிதக் குடியும் தெய்வக் குடியும் கைகோத்து நிற்கும் தொடர் ஒன்று சோழர் கல்வெட்டுகளில் இருக்கிறது: குடிநீங்காத் தேவதானம். ஒரு நிலம் கோயிலுக்குத் தானமாகும்போது அதில் உழுது வந்த குடிகளை அகற்றிவிட்டுக் கொடுத்தால் அது குடிநீக்கிய தேவதானம். அவர்கள் உரிமை கெடாமல் அங்கேயே இருக்க, வருவாய் மட்டும் இறைவனுக்குச் சென்றால் அது குடிநீங்காத் தேவதானம். நிலத்துக்கு உடையவர் தெய்வம். ஆயினும் ஏர் பிடித்தவனை எழுப்பலாகாது என்று கல்லில் எழுதி வைத்தார்கள். இந்நெறியின் பிற்கால நிழலைச் சித்தூர்ச் சீமையிலும் பார்க்கிறோம். கார்வேட்டிநகரம், காளஹஸ்தி முதலிய ஜமீன்கள் அவ்வட்டாரத்தில் இருந்தன. சென்னை மாகாணத்தின் 1908ஆம் ஆண்டு ஜமீன் நிலச் சட்டம், ஆங்கிலத்தில் எழுதப்பட்டும், குடிவாரம் என்னும் தமிழ்ச் சொல்லையே கையாண்டது. ஆகவே, கோயிலுக்கன்றி வேறெந்த வீட்டுக்கும் குடியென்று சொல்லாத தெலுங்குக் குடியானவன், தன் உழவுரிமைக்காக வழக்காடும்போது நம் பழைய மனிதக் குடியின் பெயராலேயே வழக்காடினான்.

திரும்பும் வழியில் சித்தூரிலிருந்து வேலூர்ச் சாலையில் வந்தேன். எல்லைக்கு அப்பால் கடைசியாக வரும் மண்டலத்தின் பெயர் குடிபாலா. எல்லைக்கு இப்பால், சற்று மேற்கே, குடியாத்தம். குடியேற்றம் என்பதே குடியாத்தம் என்று மருவிற்று என்பது நம்மவர் கூறும் விளக்கம். எங்கள் பேருந்தில் முன்னிருக்கையில் இருந்த பாட்டி, குடிபாலா நிறுத்தம் வந்ததும் நடத்துநரிடம், “இது எந்தக் குடி, தம்பி? நம்ம குடியாத்தத்துப் பக்கமா?” என்று கேட்டார். நடத்துநர் சீட்டுக் கட்டைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டே, “இது எங்க குடி, பாட்டி. உங்க குடிக்கு இன்னும் ரெண்டு பஸ் மாறணும்” என்றார். முதற்குடியை மெல்லோசையோடும் இரண்டாவதை வல்லோசையோடும், பிசகாமல், சொன்னார்.

(தொடரும்)